கோபத்துடன் திரும்பி வரும் வாடிக்கையாளர்: பழைய கார் விற்பனை குறித்து வாசகர் கேள்வி – பதில்

பழைய கார் வாங்குவது, விற்பது குறித்த கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். பெங்களூருவிலிருந்தும் ஓசூரிலிருந்தும் கடிதங்கள் நிறைய வந்தன. எந்த வண்டி வாங்கலாம், என்ன விலை கொடுக்கலாம் என்பதைவிட, விற்பனை முடிந்த பிறகு எழும் தகராறுகளைப் பற்றியே பெரும்பாலோர் எழுதியிருந்ததால், இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெங்களூருவில் நெடுங்காலமாகப் பழைய கார் வியாபாரம் செய்பவன் என்ற முறையில், வியாபாரியின் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் நடக்கும் அநியாயமும் தெரியும். இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கேள்வி: நானும் என் தம்பியும் பானஸ்வாடியில் பழைய கார் விற்கும் சிறிய யார்டு நடத்துகிறோம். ஏழு வருடம் ஓடிய டீசல் கார் ஒன்றை விற்றோம். வாங்கியவர் தன் மெக்கானிக்கை அழைத்து வந்து பார்த்தார், ஓட்டியும் பார்த்தார், 'உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்' என்று கையெழுத்தும் போட்டார். இருபதாம் நாள் கிளட்ச் போய்விட்டது என்று வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வருகிறவர்களிடமெல்லாம் எங்களைத் திருடர்கள் என்கிறார். முழுச் செலவையும் நாங்களே ஏற்க வேண்டுமாம். இத்தகையவரை எப்படிச் சமாளிப்பது?
– வாசகர், பானஸ்வாடி

பதில்: அவர் வாசலுக்கு வந்து நிற்பதற்கு முன் எத்தனை முறை தொலைபேசியில் அழைத்தார், யார் எடுத்தார்கள், என்ன பதில் சொன்னார்கள் என்று முதலில் உங்கள் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். வண்டியை இழுத்துக்கொண்டு வருகிற மனிதர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் இரண்டு மூன்று நாள்கள் அழைத்துப் பார்த்து, 'ஓனர் வெளியூர் போயிருக்கிறார்', 'நாளைக்குக் கூப்பிடுங்கள்' என்ற பதில்களைக் கேட்டவர்களாகவே இருப்பார்கள். கிளட்ச் போனது அவருக்குச் செலவு. ஆனால் பணம் வாங்கும் வரை ஒரே மணியில் எடுக்கப்பட்ட தொலைபேசி, பணம் வாங்கிய பிறகு எடுக்கப்படவில்லை என்பது அவருக்கு அவமானம். வாசலில் கேட்கிற சத்தம் இந்த இரண்டாவதற்காகத்தான். ஆகவே, விலை பேசுவதற்கு முன் அந்த அவமானத்தை இறக்கி வைக்க வேண்டும். முதலாளியே எழுந்து போய், 'உங்கள் அழைப்பை எடுக்காதது எங்கள் தவறு, வண்டியை இப்போதே பார்க்கிறோம்' என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்வதால் கிளட்ச் செலவுக்கு நீங்கள் பொறுப்பேற்றதாக ஆகிவிடாது.

அடுத்து, அன்றைக்கே, அவர் கண் முன்னால், வண்டியைத் தூக்கிப் பாருங்கள். உங்கள் மெக்கானிக் மீது அவருக்கு நம்பிக்கை இருக்காது. அவருடைய மெக்கானிக் மீது உங்களுக்கு இருக்காது. இருவருக்கும் பொதுவான ஒரு பட்டறையை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, பிரித்துப் பார்க்கும் கூலியை நீங்கள் கொடுத்துவிடுங்கள். கழற்றியதும் கிளட்ச் பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். தேய்மானம் சீராக, ரிவெட் தெரியுமளவுக்குப் போயிருந்தால், அது இருபது நாளில் நேர்ந்ததல்ல. விற்கும்போதே ஆயுள் முடியும் நிலையில் இருந்தது என்று பொருள். அப்படி இருந்திருந்தால், பெடல் கடைசி வரை மேலே வந்த பிறகே வண்டி நகர்ந்திருக்கும். அதை ஓட்டிப் பார்த்த வியாபாரிக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மாறாக, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் நீல நிறமாகச் சூடேறிய அடையாளம் இருந்தால், சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் அரைக் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டியிருக்கிறார் என்று கொள்ளலாம். இந்தப் பிளேட்டை மேசையில் வைத்துக்கொண்டு பேசும்போது, குரல் தானாகவே தாழும். பேச்சு திருடன் யார் என்பதிலிருந்து பிளேட் எப்படித் தேய்ந்தது என்பதற்கு வந்துவிடும்.

'உள்ளது உள்ளபடி' என்ற கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை ஒரு கவசமாக நம் வியாபாரிகள் எண்ணுகிறார்கள். வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு விற்றவர் பொறுப்பல்ல என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் உள்ளதுதான். ஆனால், ஒரு குறை தெரிந்தும் அதை முனைந்து மறைப்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி மோசடி. அப்படிப் பெற்ற சம்மதத்தை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. சத்தம் போடும் கியர் பாக்ஸில் கெட்டியான எண்ணெயை ஊற்றி அமைதியாக்கி விற்றவருக்கு அந்தக் கையெழுத்து துணைக்கு வராது. உங்கள் விஷயத்தில் நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். பிளேட் சீராகத் தேய்ந்திருந்தால், பொருள்களின் விலையை நீங்களும் கூலியை அவரும் ஏற்பதே நியாயம் என்பேன். ஏனென்றால் அவருக்குப் புதிய கிளட்ச் கிடைக்கிறது, அதன் பலனை இனிவரும் ஆண்டுகளில் அவர்தான் அனுபவிக்கப் போகிறார். சூடேறிப் போனதென்றால், உங்களுக்குக் கிடைக்கும் வியாபாரி விலையில் பொருள்களை வாங்கித் தருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதுவானாலும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாய்ப்பேச்சில் முடித்தால் அடுத்த மாதம் ஏ.சி.க்கும் அவர் வருவார்; அப்போது பழைய பேச்சு இருவருக்கும் வேறு வேறாக நினைவிருக்கும்.

கேள்வி: வண்டியின் குறைகளை எழுதிக் கொடுத்துவிட்டு விற்றால் பிறகு புகார் வராது என்று ஒரு நண்பர் சொல்கிறார். எழுதிக் கொடுத்தால் வண்டியே விற்காதே? பக்கத்து யார்டுக்காரர் எல்லாம் 'சூப்பர் கண்டிஷன்' என்று சொல்லும்போது நான் மட்டும் குறை சொன்னால் எப்படி?
– வாசகர், மைசூரு சாலை

பதில்: நான் எழுதிக் கொடுத்துத்தான் விற்கிறேன். எதை எழுதுவது என்று விளங்குவதற்காக ஒரு தாளில் இருந்ததை அப்படியே தருகிறேன்: 'முன் இடது கதவு மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது. பின் டயர்கள் இரண்டும் 2019 தயாரிப்பு, மாற்ற வேண்டும். ஏ.சி. வேலை செய்கிறது, நெரிசலில் நிற்கும்போது குளிர் குறைகிறது. இரண்டாவது சாவி இல்லை. மூன்றாவது உரிமையாளரிடமிருந்து வாங்கியது. ஸ்டீரிங்கில் சத்தம் இல்லை. ஸ்டீரிங் ராக் மாற்றப்பட்ட பில் இணைக்கப்பட்டுள்ளது.' டயரின் ஆண்டை நான் ஊகித்து எழுதவில்லை. ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரிலும் நான்கு இலக்கம் இருக்கும், 3219 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள்.

அந்த வண்டியைப் பார்க்க வந்தவர் கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். தாளைப் பானெட் மேல் விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் மருமகனை அந்தந்த இடத்துக்கு அனுப்பிச் சரிபார்த்தார். டயருக்காக விலையில் ஒரு தொகையைக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். சில வாரங்கள் கழித்து அழைத்தவர், 'ஏ.சி. விஷயம் நீங்கள் எழுதிக் கொடுத்ததுதான், அதற்காகக் கேட்கவில்லை; மாரத்தஹள்ளி பக்கம் நல்ல ஏ.சி. மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள்' என்றார். எழுதாமல் விட்டிருந்தால் அதே ஏ.சி. ஒரு புகாராக வந்திருக்கும்.

விற்காது என்ற அச்சத்துக்கு என் பதில் இதுதான்: ஏழு வருட வண்டியில் குறையே இல்லை என்று எவரும் நம்புவதில்லை. வாங்க வருகிறவர் குறையைத் தேடிக்கொண்டுதான் வருகிறார். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் தேடிக் கண்டுபிடிக்கும் முதல் குறை, இன்னும் பத்தை மறைத்திருக்கிறீர்கள் என்ற சந்தேகத்தைக் கிளப்பும். பதிவு எண்ணை வைத்து அரசின் எம்-பரிவாகன் செயலியில் எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் பதிவாகியுள்ளதா, காப்பீடு எதுவரை என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்த்துவிடும் காலத்தில், மறைக்கக்கூடியது மிகவும் குறைவு. எழுதிக் கொடுப்பதால் சிலர் போய்விடுவார்கள் என்பது உண்மைதான். அப்படிப் போகிறவர்களில் பலர், பிற்பாடு உங்கள் வாசலில் வந்து நின்றிருக்கக்கூடியவர்கள்.

தாளில் மறக்காமல் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு: டெலிவரி கொடுத்த நாளும் மணியும். இந்த நகரத்தின் கேமராக்கள் அபராதச் சீட்டை நிமிடக் கணக்கோடு அனுப்புகின்றன. காலை 11 மணிக்கு வண்டியைக் கொடுத்திருந்தால், அன்று காலை 9 மணி அபராதம் உங்களுடையது, பகல் 2 மணி அபராதம் அவருடையது. இதில் பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது.

கேள்வி: ஜெயநகர் பக்கம் ஒரு வியாபாரியிடம் 48,000 கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லப்பட்ட காரை வாங்கினேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டபோது, இரண்டு வருடத்துக்கு முன்பே 91,000 என்று அவர்கள் பதிவில் இருக்கிறது. வியாபாரியிடம் கேட்டால், 'எனக்கும் அப்படித்தான் வந்தது' என்கிறார். நான் என்ன செய்வது? உங்களைப் போன்றவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?
– வாசகி, ஜே.பி. நகர்

பதில்: வியாபாரி உண்மையையே சொல்லியிருக்கலாம், மீட்டரைத் திருத்துகிற வேலை பெரும்பாலும் வண்டி அவர் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். ஆனாலும் அது உங்களுக்குப் பதில் ஆகாது. நீங்கள் ஒரே தொலைபேசி அழைப்பில், அல்லது ஒரு முறை சர்வீஸ் சென்டருக்குப் போய்த் தெரிந்துகொண்டதை, வாங்கும்போதே அவர் தெரிந்துகொண்டிருக்கலாம். அதுதான் அவருடைய தொழில். இத்தகைய புகார் வந்தால், வியாபாரி வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தர வேண்டும் என்பதே என் கருத்து. பாதிப் பணம், இலவச சர்வீஸ் என்று பேரம் பேசுவதற்கான குறை அல்ல இது. பிறகு அவர் தனக்கு விற்றவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: சர்வீஸ் சென்டரின் பதிவை அச்சிட்டு முத்திரையுடன் வாங்குங்கள். வியாபாரியின் விளம்பரத்திலோ ரசீதிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ 48,000 என்று இருப்பதைப் படமெடுத்து வையுங்கள். விளம்பரத்தை அவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். இரண்டையும் இணைத்து, பதினைந்து நாள் அவகாசம் தந்து பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யலாம். அங்கிருந்து போகும் ஒரு அழைப்புக்கே பல இடங்களில் பேச்சு மாறுகிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனு செய்யவும் முடியும். தெரிந்தே திருத்தி விற்றிருந்தால் அது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்படி ஏமாற்றுக் குற்றம். காவல் நிலையத்துக்கும் போகலாம். ஆனால் 'தெரிந்தே' என்பதை நிறுவுவது கடினம் என்பதால், பணம் திரும்ப வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையமே நேர் வழி.

கேள்வி: மொத்த விலைக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கேட்கிறார் வியாபாரி. சரியா?
– வாசகர், இந்திராநகர்

பதில்: பதிவு பெற்ற வியாபாரிக்கு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீதுதான் வரி, 2025 ஜனவரி முதல் அது 18 சதவீதம். உங்களிடம் பேசிய விலைக்கு மேல் மொத்தத் தொகைக்கும் தனியாக வரி கேட்டால் பில்லில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: என் காரை ஒரு வியாபாரிக்கு விற்று எட்டு மாதம் ஆகிறது. ஆர்.சி. (பதிவுச் சான்று) இன்னும் என் பெயரிலேயே இருக்கிறது. அபராதச் சீட்டுகள் எனக்கு வருகின்றன. அழைத்தால், 'நீங்கள் சும்மா தொந்தரவு செய்கிறீர்கள்' என்கிறார்.
– வாசகர், அல்சூர்

பதில்: இந்தக் கடிதத்தை வியாபாரிகள் அனைவரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே சேர்த்திருக்கிறேன். நமக்கு வண்டி விற்றவரும் நம் வாடிக்கையாளர்தான். அவர் அழைப்பது தொந்தரவு அல்ல. அவருடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்கு உரிமையாளராகக் கருதப்படுவார், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் சரி என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. காப்பீடு காலாவதியான நிலையில் அந்த வண்டி யாரையாவது மோதினால், இழப்பீட்டு வழக்கு அல்சூரில் உள்ள இவர் வீட்டுக்கு வரும்.

இதற்காகவே மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. பழைய வாகன வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அது ஐந்து ஆண்டுக்குச் செல்லும். வண்டியை ஒப்படைக்கும்போது உரிமையாளரும் வியாபாரியும் சேர்ந்து படிவம் 29-சி வழியாக இணையத்தில் தெரிவித்துவிட்டால், அன்று முதல் வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். பெயர் மாற்றம், என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) முதலியவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். விற்பவர்கள் இந்தச் சான்றைக் கேட்டுப் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுப்பது நல்லது. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுப் புரோக்கர் கையில் கொடுத்துவிட்டு வருகிற பழக்கம் நம் மக்களிடையே இன்னும் போகவில்லை. மிகவும் வருத்தமாக இருக்கிறது.

உங்களுக்கு: விற்ற ரசீது, டெலிவரி தாள் ஆகியவற்றின் நகலுடன் ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்குங்கள். அதே நகல்களை வியாபாரிக்கும் அனுப்பி, அபராதங்களைக் கட்டிப் பெயர் மாற்றத்தை முடிக்க நாள் குறியுங்கள்.

கேள்வி: ஸ்ரீராமபுரத்தில் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். 'அண்ணா, நம்ம ஊர்க்காரர்தானே' என்று விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள், தாள்களில் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள், ஒரு வருடம் கழித்துப் பிரேக் பேட் தேய்ந்தாலும் இலவசமாக மாற்றித் தரச் சொல்கிறார்கள். மறுத்தால் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். என்ன செய்ய?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: ஊர்ப்பாசத்தால் வருகிற வாடிக்கையாளரை இழக்க வேண்டாம், ஆனால் அவருக்கென்று தனி வழக்கம் வைக்காதீர்கள். கன்னடம் பேசுகிறவருக்கு என்ன தாளோ, தமிழ் பேசுகிறவருக்கும் அதே தாள்தான். அவருக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அதுதான் நீங்கள் செய்யக்கூடிய உண்மையான சலுகை. பாதிப் பேர் கையெழுத்துக்குத் தயங்குவது நம்பிக்கையின்மையால் அல்ல, ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாததால். 'தம்பி, இது உங்களைக் கட்டுவதற்கு அல்ல, என்னைக் கட்டுவதற்கு. நான் என்ன செய்து தருகிறேன் என்று இதில் இருக்கிறது' என்று விளக்கினால் போடுவார்கள். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் வரை நீங்கள் பொறுப்பு, பிரேக் பேட், வைப்பர், பல்பு, பேட்டரி போன்ற தேயும் பொருள்கள் அதில் சேராது என்று அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

ஒரு வருடம் கழித்து வருகிறவரிடம் சட்டம் பேச வேண்டாம். பேட் விலையை அவர் கொடுக்கட்டும், மாட்டித் தரும் கூலியை உங்கள் கணக்கில் வையுங்கள். 'முடியாது' என்ற சொல்லைவிட, 'இது என் பொறுப்பில் வராது, ஆனால் இவ்வளவு செய்கிறேன்' என்பது அவருக்கும் போதும். ஊர் முழுக்கச் சொல்வார் என்று பயந்து முழுவதையும் இலவசமாகச் செய்தால், ஊர் முழுக்க அதைத்தான் சொல்வார். அடுத்த வாரம் நான்கு பேர் பேட் மாற்ற வருவார்கள்.

கேள்வி: பழைய கார் விற்கும் நிறுவனம் ஒன்றில் புகார்களைக் கேட்கும் தொலைபேசிப் பிரிவில் வேலை செய்கிறேன். தினமும் வசை. சிலர் பேசுவதை வீட்டில் சொல்லவே முடியாது. 'பார்த்துச் சொல்கிறோம் சார்' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இதை எப்படித் தாங்குவது?
– வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: சகோதரி, நீங்கள் தாங்கிக்கொள்வது எப்படி என்று நான் சொல்லிக் கொடுக்க விரும்பவில்லை; உங்கள் முதலாளி என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். அதிகாரம் இல்லாத ஒருவரைப் புகாருக்கு முன்னால் உட்கார வைப்பதுதான் இந்த வசையின் வேர். 'பார்த்துச் சொல்கிறோம்' என்பதை மூன்றாம் முறை கேட்கிற எவருக்கும் கோபம் வரும். வண்டியை எந்த நாளில், எந்தப் பட்டறையில், யார் பார்ப்பார்கள் என்று அந்த அழைப்பிலேயே முடிவு செய்து சொல்லும் உரிமையை உங்களுக்குத் தர வேண்டும். சிறிய தொகை வரை, உதாரணமாக வண்டியை இழுத்து வரும் செலவை, யாரையும் கேட்காமல் ஒப்புக்கொள்ளும் உரிமையும் வேண்டும். இவை இரண்டும் இருந்தால் பெரும்பாலான அழைப்புகள் ஐந்து நிமிடத்தில் அமைதியாகிவிடும்.

அப்படியும் தரக்குறைவாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஒரு முறை எச்சரித்துவிட்டு, 'இனி எங்கள் மேலாளர் உங்களை அழைப்பார்' என்று சொல்லி இணைப்பைத் துண்டிக்க உங்களுக்கு அனுமதி இருக்க வேண்டும். மேலாளர் அன்றைக்கே அழைக்கவும் வேண்டும். வாடிக்கையாளருடைய கோரிக்கை நியாயமாக இருக்கலாம். அது உங்களை வசைபாடும் உரிமையை அவருக்குத் தராது. கோரிக்கையை நிறைவேற்றுவதும் வசையை நிறுத்தச் சொல்வதும் ஒரே நாளில் செய்யக்கூடியவை. ஆபாசமாகப் பேசினால், மிரட்டினால், அழைப்புப் பதிவுடன் காவல்துறைக்குப் போக நிறுவனம் உங்களுடன் நிற்க வேண்டும். நிற்காத நிறுவனம் என்றால் வேறு வேலை தேடுங்கள். இந்த நகரத்தில் உங்கள் அனுபவத்துக்கு வேலை கிடைக்கும்.

கேள்வி: ஏலத்தில் எடுத்த காரை நல்ல நம்பிக்கையில் விற்றேன். மூன்று மாதம் கழித்து வாங்கியவர், அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்கிறார். எனக்கே தெரியாதபோது நான் எப்படிப் பொறுப்பாவேன்?
– வாசகர், ஹென்னூர்

பதில்: 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், வெளிவட்டச் சாலைப் பகுதிகளில் அடித்தளத்தில் நிறுத்தியிருந்த எத்தனையோ கார்கள் மூழ்கின. காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பு என்று கணக்கு முடிக்கும் வண்டிகள் ஏலத்துக்குப் போகின்றன. கழுவித் துடைத்துச் சந்தைக்குத் திரும்பி வருபவையும் அவற்றில் உண்டு. ஆகவே பெங்களூரு வியாபாரி ஒருவர் இதைப் பார்க்காமல் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள்; அடிப்பகுதியில் சேற்றுக் கறையின் கோடு இருக்கும், எவரும் அதுவரை கழுவுவதில்லை. இருக்கைக்கு அடியில் தண்டவாளம் போன்ற கம்பிகளில் துரு, தரை விரிப்புக்குக் கீழே பஞ்சில் மண் வாடை, ஃபியூஸ் பெட்டிக்குள் வண்டல், முகப்பு விளக்கினுள் நீர்த் தடம். இவை எல்லாவற்றையும் பார்க்க அரை மணி நேரம் போதும்.

உங்களுக்குத் தெரியாது என்பதை நான் நம்புகிறேன். ஆனால் உங்களுக்கும் அவருக்கும் இடையில், தெரிந்துகொள்ளும் வாய்ப்பு யாருக்கு அதிகம் இருந்தது என்று பாருங்கள். வண்டியைத் திரும்ப எடுங்கள். மூன்று மாதம் ஓட்டியதற்காக ஒரு நியாயமான தொகையைக் கழித்துக்கொள்ளலாம் என்றால் அவரிடம் கேளுங்கள், வற்புறுத்தாதீர்கள். இதில் காலம் கடத்தினால் மின்சார வயர்கள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கும். ஏர்பேக் சரியாக வேலை செய்யும் என்ற உறுதியும் இல்லை. வீட்டார் பயணம் செய்கிற வண்டி அது.

கேள்வி: டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மனம் மாறிப் பணத்தைத் திரும்பக் கேட்கிறார்கள். தர வேண்டுமா?
– வாசகர், கம்மனஹள்ளி

பதில்: ரசீதில் என்ன எழுதினீர்களோ அதன்படி. எதுவும் எழுதவில்லை என்றால் கொடுத்துவிடுங்கள். கடன் கிடைக்காததால் விலகுகிறவருக்குக் கண்டிப்பாகத் தர வேண்டும்.

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவர் கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டுப் பொய்யான விமர்சனம் எழுதியதோடு, நுகர்வோர் ஆணையத்திலும் மனு செய்திருக்கிறார். நோட்டீஸ் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பொய் வழக்கு என்பதால் கண்டுகொள்ளாமல் விடலாம் என்கிறார்கள் நண்பர்கள்.
– வாசகர், யஷ்வந்த்பூர்

பதில்: உடனே வழக்கறிஞரிடம் போங்கள், இந்தக் கடிதம் அச்சாகும் வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பதில் தாக்கல் செய்ய 30 நாள்; ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள்; அதற்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்துவிட்டது. உங்கள் பக்கம் முழு நியாயம் இருந்தாலும், அந்த நாள் தாண்டினால் எழுத்து மூலமான பதிலே இல்லாமல் வழக்கு நடக்கும். டெலிவரி தாள், வாட்ஸ்அப் செய்திகள், பட்டறை பில், அவர் ஓட்டிப் பார்த்த நாளின் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

விமர்சனத்துக்கு ஒரே ஒரு முறை, நடந்ததை மட்டும் சொல்லிப் பதில் எழுதுங்கள்: எந்தத் தேதியில் புகார் வந்தது, எந்தத் தேதியில் வண்டியைப் பார்த்தீர்கள், என்ன செய்து தர முன்வந்தீர்கள். அவருடைய தொலைபேசி எண், வண்டி எண், கடன் விவரம் எதையும் எழுதக் கூடாது. உங்கள் ஊழியர்களை விட்டு ஐந்து நட்சத்திர விமர்சனங்களைப் போட்டு நிரப்பவும் கூடாது. புதிதாக வருகிற வாடிக்கையாளர் முதலில் படிப்பது அந்த ஒரு நட்சத்திரத்தையும் அதற்கு நீங்கள் எழுதிய பதிலையும்தான்.

கேள்வி: நான் ஓசூரில் இருக்கிறேன். பெங்களூருவில் ஒரு கே.ஏ. (கர்நாடக) பதிவு கார் பேசி முடித்திருக்கிறேன். என்.ஓ.சி. வாங்கித் தருவது அவர்கள் பொறுப்பு என்கிறார்கள். நண்பர் ஒருவருக்கு இதே போல் ஐந்து மாதம் இழுத்தடித்தார்கள். பணத்தை முழுவதும் கொடுத்துவிடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். என்.ஓ.சி. தாமதமாவதற்குப் பல நேரங்களில் காரணம் வியாபாரியின் சோம்பல் அல்ல; கட்டாத அபராதமோ, முடிந்தும் பதிவேட்டிலிருந்து நீக்கப்படாத வங்கிக் கடனோ இருந்தால் விண்ணப்பம் நகராது. இவை இரண்டையும் இணையத்தில் பதிவு எண்ணைக் கொண்டு நீங்களே இன்று பார்த்துவிடலாம். கடன் பதிவு இருந்தால் வங்கியின் கடிதமும் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் வியாபாரி கையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். வங்கிக் கடிதம் பழையதாக இருந்தால் புதிதாக வாங்க வேண்டியிருக்கும், தாமதம் அங்கிருந்துதான் தொடங்கும். தமிழ்நாட்டில் பதிவை மாற்றும்போது கட்ட வேண்டிய வரியையும் ஓசூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்னதாகவே விசாரித்து, விலை பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு தெரிந்தால் அதுவும் ஒரு தகராறாகிவிடும்.

வியாபாரிகளுக்கும் இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை, எதுவும் நகராத வாரத்திலும்கூட, 'இன்னும் ஆர்.டி.ஓ.வில்தான் இருக்கிறது' என்று நீங்களே அழைத்துச் சொல்லிவிட்டால், இந்த வகைப் புகார்களில் பெரும்பகுதி எழவே எழாது. ஓசூர் வாசகரே, நீங்கள் விலையில் ஒரு பகுதியை, பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ, நிறுத்தி வையுங்கள். அந்தத் தொகையை ரசீதில் தனி வரியாக எழுதி, என்.ஓ.சி. கைக்கு வரும் நாளில் தருவதாக இருவரும் கையெழுத்திடுங்கள். அதற்கு ஒப்பாத வியாபாரியிடம் அந்தக் காரை எடுக்க வேண்டாம்.